தட்டின் பின்பக்கத்துப் பூ

கேக் வாங்க வந்த அந்த ஆள் பூ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இருப்பதிலேயே சின்ன கேக், மேலே மகள் பெயர் மட்டும் போதும் என்றார். அந்தக் கடையில் கேக்குக்கு க்ரீமில் பூப்போடுகிற பூக்காரம்மா பெயரை எழுதினாள். பிறகு கல்லாப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, கேக்கின் ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு ஒரு பூவை வைத்தாள். அந்தப் பக்கம் யார் கண்ணிலும் படாதபடி டப்பாவைத் திருப்பி மூடிக் கொடுத்தாள். அந்த ஆளே வீட்டுக்குப் போய்த் திறந்த பிறகுதான் பார்த்திருப்பார்.

முதலாளியம்மா அப்போதே பார்த்துவிட்டாள். கல்லாவுக்கு எதிரே குளிர்பெட்டி இருந்தது. அதன் கண்ணாடியில் கடையில் நடப்பதெல்லாம் தெரியும். 'இன்னைக்கு எனக்குத் தெரியாம ஒரு பூ. நாளைக்கு எனக்குத் தெரியாம எதுவோ' என்று நினைத்தாள். அன்றிலிருந்து பூக்காரம்மா மேல் ஒரு கண் வைத்தாள்.

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. காலையில் ஆண்டவனைக் கும்பிடாமல் கல்லாவைத் தொடமாட்டாள். என்ன, கும்பிட்டு முடித்ததும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள்.

பூக்காரம்மா அந்தக் கடைக்குத் தட்டு கழுவத்தான் வந்தாள். அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் விரிப்புத் துவைத்து மடிக்கிற வேலை. புருஷன் விட்டுப் போன கதையை யாராவது கிண்டினால், "அவர் இருந்தப்பவும் வீட்ல நான் ஒருத்திதான்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். பூப்போடும் காகிதக் கோனில் மிஞ்சிய க்ரீமை வீணாக்க மனம் வராமல், கழுவ வைத்த தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் பூப்போட்டுப் பார்ப்பாள். பார்த்து முடித்ததும் வெந்நீரை ஊற்றிக் கழுவிவிடுவாள். ஒருநாள் முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார். மறுவாரம் அவளைக் கேக் மேஜைக்கு மாற்றிவிட்டார்.

மேஜைக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. "கேக் யாருக்குங்க? அவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு ஒரு தட்டைக் கவிழ்த்து நாலைந்து பூப் போடுவாள். பாதி கோணலாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். அதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டுத்தான் கேக்கில் கை வைப்பாள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவருக்கு என்றால் இதழெல்லாம் ஸ்டியரிங் மாதிரி சுழன்று நிற்கும். எல்லாவற்றிலும் ஓர் இதழ் மட்டும் உள்பக்கமாக மடங்கியிருக்கும். அந்த மடிப்புக்காகவே தூரத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள்.

இப்படி இருக்கும்போது அடுத்த தெருவில் புதிதாக ஒரு கேக் கடை முளைத்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கேக்கில் ஒரு பூ, அதில் ஓர் இதழ் உள்பக்கமாக மடங்கியிருந்தது. முதலாளியம்மா அந்தப் பக்கம் போகும்போது அதைப் பார்த்துவிட்டாள். அந்தக் கை அங்கே போய்விட்டால் இந்தக் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"நம்ம பூ அங்க எப்படிப் போச்சு? கால் முளைச்சுப் போச்சா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"பாத்துப் போட்டிருப்பாங்க, விடு" என்றார் முதலாளி.

"பாத்துப் போடுற பூவா அது? கை போகாம பூ போகாது. மத்தியானம் சாப்பிடப் போறேன்னு போறாளே, எங்க போறா?"

"சாப்பிடத்தான் போவா."

"நீங்க நம்பிக்கிட்டே இருங்க. ஊர்ல யாராவது ஒருத்தர் நம்பணும்ல."

அவளைக் கட்டிப்போட முதலாளியம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பூக்காரம்மாவின் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, 'எங்கள் பூக்கள் இவருடைய கைவண்ணம்' என்று ஒரு போர்டு செய்தாள். கேக் மேஜைக்கு மேலே, தட்டு அலமாரிக்குப் பக்கத்தில், நீளமான ஆணி அடித்து மாட்டினாள். பேர் இங்கே தொங்கினால் கை எங்கே போகும்?

ரொட்டி சுடுகிற அடுப்பு அண்ணன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஏன்க்கா, இவ்ளோ நீளப் பேரை வெச்சுக்கிட்டா இத்தனை நாளா பூக்காரக்கான்னதும் திரும்பிப் பாத்தீங்க?"

"அது ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட மட்டும் வெச்சிருந்த பேருண்ணே" என்றாள். சிரித்தாள்தான். ஆனால் மேலே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பூக்கள் ஒரே அச்சாக வர ஆரம்பித்தன. ஒன்றைப் போட்டு, துடைத்து, மறுபடி அதையே போடுவாள். கேக் யாருக்கு என்று கேட்பது நின்றது. தட்டைக் கவிழ்ப்பதும் நின்றது. "போன தடவை மாதிரி இல்லையே" என்று வாடிக்கைக்காரர் ஒருவர் வாய்விட்டே சொன்னார்.

முதலாளியம்மாவுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. நல்ல பூவை அங்கே வைத்துவிட்டு வாடிய பூவை இங்கே கொண்டுவருகிறாள். மத்தியானம் பூக்காரம்மா எழுந்து போனதும், இவள் குடையை முகம் வரை தாழ்த்திக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

அங்கே கேக் மேஜையில் ஓர் ஒல்லிப் பெண்தான் இருந்தாள். குடைக்குள் குனிந்து பார்த்தவள், "நீங்க அந்தக் கடை அம்மாதானே?" என்றாள். "உங்க கடை ஜன்னல்ல நின்னு பாத்துதான்மா கத்துக்கிட்டேன். அந்த அக்கா வெரட்டலை. எனக்குத் தெரியலைன்னு கேக்கையே என் பக்கம் திருப்பி வெச்சாங்க. என்ன, எனக்கு அந்த ஒரு பூதான் வரும்."

முதலாளியம்மா திரும்பி வந்தாள். பூக்காரம்மா எங்கும் போயிருக்கவில்லை. பின்கட்டில், தட்டு கழுவும் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது. அதன் முதுகில் ஒன்றுமில்லை. கையிலிருந்த கோனில் க்ரீம் உருகி வடிந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ஏன் காட்டின?"

"பாத்துக்கிட்டு நின்னுச்சும்மா. என் கை மறைச்சுது. அதான் திருப்பினேன்."

"அது உன் பூ இல்லையா?"

"முன்னல்லாம் அப்படி நெனைச்சதில்லைம்மா. வரும், கழுவினாப் போயிடும். யாரு போட்டான்னு யாரு கேட்டா? இப்பக் கோணலா ஒண்ணு போட்டாலும் மேல இருந்து ஒருத்தி பாக்குறா. இதுதான் உன் லட்சணமாங்குறா."

"எவ அவ?"

"போர்டுல இருக்காளே, அந்தப் பேர்க்காரி."

முதலாளியம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பேர் போட்டு மரியாதை பண்ணினால் யாருக்காவது கை நிற்குமா? நடிக்கிறாளோ? ஆனால் நடிக்கிறவள் ஆளில்லாத இடத்தில் வெறும் தட்டை வைத்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?

மறுநாள் காலை ஆண்டவனைக் கும்பிட்டவள் பூட்டை இழுத்துப் பார்க்க மறந்தாள். ஸ்டூலில் ஏறிப் போர்டைக் கழற்றினாள். போர்டோடு இறங்கும்போது பூக்காரம்மா பையும் கையுமாக வாசலில் நின்றாள்.

"ஆஸ்பத்திரியில பழைய வேலைக்கே கூப்பிடுறாங்கம்மா."

"ஆஸ்பத்திரியா, அடுத்த தெருவா?" முதலாளியம்மாவின் வாய் முந்திக்கொண்டது. கேட்ட பிறகு அவளுக்கே கூசியது. போர்டைத் தூக்கிக் காட்டினாள். "இந்தா, கழட்டிட்டேன் பாரு. இருந்துட்டுப் போயேன்."

"கழட்டினாலும் அவ எனக்குத் தெரியுறாம்மா" என்றாள் பூக்காரம்மா.

பூக்காரம்மா படி இறங்கப் போனவள் நின்று, மேஜைக்கு மேலே சுவரைப் பார்த்தாள்.

"அந்த ஆணியையும் பிடுங்கிடுங்கம்மா. புதுசா வர்றவங்க எட்டித் தட்டு எடுக்கறப்ப கையைக் கிழிச்சிடும்."