அப்பா கழற்றி வைத்த கேபிள்

"இன்னும் கிலோமீட்டர் ஆகவில்லையே, சர்வீசுக்கு என்ன அவசரம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். மீட்டரை மட்டும் பார்க்காதே, வண்டி நிஜமாக எவ்வளவு ஓடியது, ஆயில் மாற்றி எத்தனை மாதமாயிற்று என்று பார் என்பேன். கார் ஓட்டவே தெரியாதவள் பேசுகிறாள் பார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இதைத் தெரிந்துகொள்ள நான் எதை இழந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

எழுபதுகளில் கையில் காசு இருந்தாலும் உடனே கார் வாங்கிவிட முடியாது. பதிந்து வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொள்ளாச்சிக்கு மேற்கே பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்த என் அப்பா, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே ஒரு காருக்குப் பதிந்தார். என் கல்யாணத்தன்று அது வாசலில் நிற்க வேண்டுமாம். கார் வந்துவிட்டது, மாப்பிள்ளைதான் வரவில்லை. ஜாதகம் பொருந்திப் பேச்சு முடிய இரண்டு வருடம் போயிற்று. அதுவரை அப்பா அந்த வெள்ளைக் காரில்தான் கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிச் சந்தைக்கும் போய்வந்தார். மாட்டைக் குளிப்பாட்டுவதுபோலத் தினமும் அதைக் குளிப்பாட்டுவார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் மாலையும் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் ஆயில் கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரியாது. பெட்ரோல் பங்கில் குறைந்ததை ஊற்றினார்களே தவிர, பழையதை யாரும் இறக்கவில்லை.

எனக்கு வாய்த்தவர் எங்கள் பக்கத்து ஆள்தான். ஆனால் கம்பத்துக்கு மேலே மலையில் இருக்கும் கம்பம்மெட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்துவந்தார். நிதானமான மனிதர். சீராக வந்த காரோடு இருந்த சிறு புத்தகத்தை எழுத்துவிடாமல் படித்தார். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று இரண்டுமே அதில் இருந்தன. மீட்டரில் இருந்ததோ சொற்பம். மாமனார் விசேஷத்துக்கு மட்டும் வெளியே எடுத்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்து, மாதக் கணக்கை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமான அந்த முதல் சில மாதங்களைப் போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. வீட்டை ஒட்டி ஏலக்காய் மூட்டைகள் வைக்கும் ஸ்டோர் இருந்தது. சாயங்காலம் அதைப் பூட்டுவது என் வேலை. "பூட்டிட்டேனுங்க" என்பேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "செரி" என்பார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாமே அதில்தான் இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கம்பத்திலிருந்து மலையேறும் வளைவு ஒன்றில் எஞ்சினுக்குள் ஏதோ இடித்தது. வண்டி அப்படியே நின்றது. லாரியில் கட்டி இழுத்துக் கம்பத்துக்குக் கொண்டுபோனோம். வர்க்‌ஷாப்பில் பிரித்தபோது ஆயில் கூழாக, தார்போல வந்தது. மீட்டர் காட்டுவதைவிட இது பல மடங்கு ஓடிய வண்டி, மீட்டர் ஓடாதபடி யாரோ அதன் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காதாம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்னைக் கேட்டார்.

"ரெண்டு வருசம் அந்த வண்டியில போயிருக்கறே. மீட்டரு ஓடலேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. மீட்டருன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். அப்பாவிடமே கேட்டுவிடலாம் என்றேன். பெரியவரைக் கூனிக் குறுக வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய அந்த நல்ல குணம்தான் எனக்கு எமனாக வந்தது. மறுநாள் சாயங்காலம் "பூட்டிட்டேனுங்க" என்றேன். எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. பிறகு தினமும்.

காருக்குப் புது எஞ்சின் பாகங்கள் போட்டார்கள். அதன்பிறகு கிலோமீட்டரோ மாதமோ எது முதலில் வந்தாலும் கார் கம்பத்துக்கு சர்வீசுக்குப் போயிற்று. ஒருமுறைகூடத் தவறவில்லை. நான் சமையலறையில் நின்று அதைப் பார்த்து வயிறெரிவேன். எனக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை, காருக்கு மட்டும் ராஜ உபசாரம்.

இரண்டு வருடம் கழித்து அப்பா எங்களைப் பார்க்க மலைக்கு வந்தார். வந்ததும் வராததுமாகக் காரைத் தடவிக் கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே ஆரம்பித்தார்.

"வண்டி நல்லா ஓடுதுங்களா மாப்ளே? வந்த அன்னைக்கே மீட்டரு கேபிளக் கழட்டி வெச்சுட்டனுங்க. கல்யாணத்துக்கு முந்தின வாரந்தான் மாட்டினேன். புள்ளைக்குப் புதுசாவே குடுக்கோணும்னு ஆசைங்க. இவளுக்குக்கூடத் தெரியாது."

அந்த முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. முகூர்த்தப் புடவையை மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்தவரைப்போலப் பெருமையாகச் சொன்னார். இவர் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. "நல்லா ஓடுதுங்க மாமா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரசம் எடுக்கப் போகிறவள்போல உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் இவர் அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, என் எதிரே உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சே இத்தன நாளு இருந்துட்டேன். இனி எப்படி மாத்திக்கறதுன்னு தெரியலே."

இதைக் கேட்கத்தானே இரண்டு வருடம் காத்திருந்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

இருட்டத் தொடங்கியதும் ஸ்டோரைப் பூட்டிவிட்டு வந்தேன்.

"பூட்டிட்டேனுங்க."

அவர் பாதி எழுந்தார். என்னைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்து "செரி" என்றார். அடுப்படிக்குப் போய்ப் பாலை ஏற்றினேன். பால் பொங்கி வருகிற நேரத்தில், வெளியே அவர் பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.