முதல் பெட்டியில் மாட்டியவர்கள்

எங்கள் கண் மருத்துவமனையின் கணினி அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் துருவி. ஒரு விஷயம் ஏன் நடந்தது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. எனக்கும் இறங்க விடமாட்டாள்.

அன்று மதியம் அவளுடைய நாத்தனார் கைப்பையோடு வந்து நின்றார். மறுநாள் அறுவை சிகிச்சைப் பட்டியலில் முதல் ஆள் அவர்தான். ஆறு மாதமாகப் பயந்து தள்ளிப்போட்டவரை, துருவி காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தாள். இப்போது ‘ரத்து’ என்று செய்தி வந்திருந்தது.

“எனக்குக் கொடுத்துவைக்கல, அண்ணி. நான் கிளம்புறேன்,” என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“போனீங்கன்னா திரும்ப வரமாட்டீங்க. உட்காருங்க.”

வார்டுக்குப் போன் போட்டாள். காய்ச்சல் வந்த மூன்றாம் ஆளுக்கான ‘ரத்து’ பொத்தானைத்தான் செவிலியர் அழுத்தியிருந்தார். “முதல் ஆளுக்கு ராசியே இல்லீங்க. கம்ப்யூட்டர்ல இந்தப் புதுப் பக்கம் வந்த ரெண்டு வாரமா இப்படித்தான்,” என்றார் சாதாரணமாக.

ராசியா? துருவி நிமிர்ந்து உட்கார்ந்து அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெட்டி, அதற்குள் மருத்துவருக்கு ஒரு பெட்டி, அதற்கும் உள்ளே நோயாளியின் எண், ‘ரத்து’ பொத்தான். அழுத்திய பெட்டிக்குள் மட்டும் எண்ணைத் தேடவேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் வரி, முழுப் பக்கத்தையும் உச்சியிலிருந்து தேடிக்கொண்டிருந்தது. முதலில் அகப்பட்ட எண்ணோடு நின்றும்விட்டது. யாரை ரத்து செய்தாலும் மாட்டுவது முதல் ஆள்.

“எந்தப் புண்ணியவான் எழுதினது இது?” என்று பல்லைக் கடித்தேன்.

“நான்தான்,” என்றாள். எனக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

அந்த ஒரு வரியை மாற்றி மூன்று முறை சோதித்தாள். நாத்தனாரின் பெயரைத் திரும்ப ஏற்றினாள். “ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் தப்பு. காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க.”

எழுந்த நாத்தனார் கதவருகே நின்றார். “அப்ப இந்த ரெண்டு வாரமா முதல்ல இருந்தவங்க?”

துருவி தேடினாள். ஆறு பேர். இரண்டு பேர் வேறு தேதி வாங்கியிருந்தார்கள். நான்கு பேர் திரும்பவே வரவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாத்தனார் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நம்பரைப் போடுங்க, அண்ணி. பயந்தவங்ககிட்ட நான் பேசுறேன்.”