நடந்துபோன கம்பு

பானைக்குள் மட்டிச் சிப்பி வாய் பிளக்கும்போது ‘டப்’பென்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஊறும். எனக்கு எழுத்துத் தெரியாது, நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள், நடுவில் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

கிண்ணியாவில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கடலோரத்து உப்புக் களப்புதான் வயல். தண்ணீர் வற்றியதும் இடுப்பில் ‘உமல்’ பையைக் கட்டிக்கொண்டு சேற்றைத் துழாவி மட்டி எடுப்போம். ஒரு திட்டை மட்டும் யாரும் தொடுவதில்லை. குஞ்சு மட்டி பெருகும் இடம். அதன் ஓரத்தில் கண்டல் மரக் கம்பை நட்டு, பழைய சேலைத் துண்டு கட்டியிருக்கும். அதைக் காப்பவர் என் உம்மா. ஆள் ஒல்லி, ஆனால் அதட்டினால் பள்ளிவாசல் வரைக்கும் கேட்கும்.

கடலுக்குப் போகக்கூடாதென்று தடை போட்ட மாரி அது. ஆண்களும் களப்பில் இறங்க, வெளித்திட்டெல்லாம் வெறுமையானது. முதலில் வந்தவள் பிள்ளை பெற்ற சவுதா ராத்தா.

“ஒரு உமல் மட்டும் மாமி. பிள்ளைக்குப் பால் இல்ல.”

பெண்கள் கூடிக் கதைத்தார்கள். “பச்ச உடம்புக்காரிக்கு ஏலாதெண்டு எப்படிச் சொல்றது?” உம்மாவே கம்பைப் பிடுங்கிக் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டு, வெளியே விட்ட இடத்தில் அவளை அள்ளச் சொன்னார்.

பிறகு காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தாய் வந்தாள், புருசன் இல்லாதவள் வந்தாள். ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. “கம்புக்குக் கால் முளைச்சிட்டு” என்று பெண்கள் பகிடி பண்ணினார்கள். கடைசியில் அது ஆழத் தண்ணீரில் தனியே நின்றது.

அன்று எங்கள் அடுப்பும் எரியவில்லை. வாப்பா கேட்டார்: “ஊருக்கெல்லாம் திறந்துவிட்டுட்டு, உன்ட பிள்ளையளுக்கு மட்டும் பூட்டோ?”

உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கம்படியில் கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கி அள்ளினார். மட்டியை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாலே உயிரோடு இருக்கிறதா என்று அவருக்குத் தெரியும். அன்று தட்டிப் பார்க்கவில்லை. பானை கொதித்தது. நாங்கள் சுற்றி இருந்து காது கொடுத்தோம். ஒரு ‘டப்’கூட வரவில்லை. உம்மா ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். உள்ளே சேறு. எல்லாவற்றிலும் சேறு.

அடுத்த மாரியிலும் அங்கே குஞ்சு மட்டி பெருகவில்லை, இன்றுவரைக்கும் இல்லை. கம்பு நடுவாருமில்லை. நாங்கள் டின் மீன் வாங்கிச் சமைக்கிறோம்.

சவுதா ராத்தாவின் அந்தப் பிள்ளை இப்போது தோப்பூரில் வயல் செய்கிறான், நாலு பிள்ளைக்காரன். கண்டால், “உங்கட உம்மாட மட்டியிலதான் மாமி நான் வளந்தனான்” என்பான்.

“ஓம் மகன்” என்று சிரிப்பேன். அவனைப் பார்த்துக்கொண்டு, கொடுத்திருக்கக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது?