வெறும் ஃபைலின் வேகம்

திரையில் டேப் ஓடிய வேகத்தைப் பார்த்ததும் நான் மேசையைத் தட்டிச் சிரித்தது இன்றும் நினைவிருக்கிறது. காரைக்காலில் பத்திரங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் ஓர் அலுவலகத்தில் அப்போது கணினிப் பிரிவு என் பொறுப்பு. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கிரயப் பத்திரங்கள் வரை எல்லாவற்றுக்கும் தினமும் டேப்பில், அதாவது காந்த நாடாவில், நகல் எடுப்போம். சாயங்காலம் தொடங்கினால் மறுநாள் கதவு திறப்பதற்குள் முடிய வேண்டிய வேலை, மத்தியானம் வரை இழுத்தது. அதுவரை கவுன்டரில் கணினி நகராது. வரிசையில் நின்றவர்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள்.

டேப்பில் எழுதும் டிரைவில் கோளாறா என்று பார்க்க, பெரிய ஃபைல் ஒன்றை உருவாக்கி எழுதவிட்டு நேரம் பார்த்தேன். கம்பெனிக்காரன் சொன்னதைவிட வேகமாக ஓடியது. அப்படியென்றால் டேப் போடும் ஆபரேட்டர்தான் வேலையைத் தாமதமாகத் தொடங்குகிறார் என்று அதிகாரிக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். அந்தக் குறிப்பின் பிரதி ஒன்று ஆபரேட்டருக்கும் போனது. அவர் நெரவியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா, என்னைவிட மூத்தவர், ஒப்பந்த ஊழியர். அந்த மாதம்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். தெரிந்தேதான் எழுதினேன், என் அளவீட்டின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அக்கா சண்டைக்கு வரவில்லை. "அந்த ஃபைலுக்குள்ள என்ன சார் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா, வெறும் பூஜ்ஜியம்தான்."

"வெறும் சாக்கத் தூக்கிக்கிட்டு யாரு வேணா ஓடலாம். நெல்ல ரொப்பி ஓடச் சொல்லிப் பாருங்க சார்."

வெறும் பூஜ்ஜியத்தை டிரைவ் சுருக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை அக்கா நிஜமான பத்திரப் படங்களை எழுதவிட்டு, செல்போனில் நேரம் பார்த்துக் குறித்தார். டேப் ஓடியது, நின்றது, கொஞ்சம் பின்னால் சுற்றியது, மறுபடி ஓடியது. சின்னச் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக வந்ததால், அடுத்தது வரும்வரை டேப் காத்துக் கிடந்தது. அடுத்த வாரம் படங்களை முதலில் பெரிய கட்டுகளாகச் சேர்த்து, பிறகு டேப்புக்கு அனுப்பினோம். கதவு திறக்குமுன்பே நகல் முடிந்திருந்தது.

அதிகாரிக்கு வேறொரு குறிப்பில் டிரைவின் வேகத்தைத் திருத்தி எழுதுவது எனக்கு எளிதாக இருந்தது. தவறு என்னுடையது, ஆபரேட்டர் நேரத்துக்குத்தான் தொடங்கினார் என்ற வரியை எழுத மூன்று நாள் ஆயிற்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, இன்றும் அங்கே டேப் மாற்றுவது அவர்தான்.

புதிய குறிப்பை அவரிடம் நீட்டியபோது, பரவாயில்லை சார் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் நிதானமாக இரண்டு முறை படித்தார்.

"இத ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க சார்," என்றார். "நீங்க மொதல்ல எழுதுன நோட்ட எம் பொண்ணு படிச்சிடுச்சி."