ரெஜினாவின் தர்பாரி

ரெஜினா போய்விட்டாள் என்று அவள் மகள் மெர்சி காலையில் போனில் சொன்னபோது, எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ‘இனி எனக்குப் போட்டி இல்லை’ என்ற நினைப்புதான் வந்தது. இந்த அஞ்சலியைப் படிக்கும், அவளை அறிந்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அழுகை பிறகு வந்தது.

கணவர்களின் கப்பல் கம்பெனி வேலையால் நாங்கள் இருவரும் மும்பையில் இருந்தபோது, ஒரே ஆசிரியையிடம் இந்துஸ்தானி சங்கீதம் கற்றோம். எனக்குத் தேன் குரல் என்பார்கள். அவளுக்கு ஆண்குரல் போலக் கனத்த குரல். எங்கள் ஊர் தூத்துக்குடியில், மாதா கோயில் பாட்டுக்குழுவில் அவளைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். தர்பாரி கானடா பாடம் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாயிற்று. நடுநிசிக்குரிய அந்த ராகத்துக்குக் கீழ்ஸ்தாயிதான் வீடு. காந்தார ஸ்வரத்தை மெல்ல அசைத்து, அவசரமே இல்லாமல் இறங்க வேண்டும். ரெஜினா இறங்கினாள். எனக்குக் குரல் எட்டவில்லை. சுருதிப்பெட்டியை இரண்டு கட்டை ஏற்றி வைத்துப் பாடினேன். அழகாக இருக்கிறது, ஆனால் தர்பாரி இல்லை என்றார் ஆசிரியை. எனக்கு வயிறு எரிந்தது.

“ஏளா, ஒனக்கு எதுக்கு இந்த அவசரம்? காந்தாரம் எங்கயும் ஓடிப் போவாது. அங்கனயே கொஞ்சம் நில்லு” என்பாள் ரெஜினா. நல்ல மனசோடுதான் சொல்வாள். அதுதான் எனக்குப் பொறுக்காது.

ஊர் திரும்பியபின் இருவரும் பாட ஒரு மாலைக் கச்சேரி அமைந்தது. “நான் தர்பாரி பாடட்டுமா?” என்று ஆசையாகக் கேட்டாள்.

“ராத்திரி ராகத்த ஆறு மணிக்கு யாராச்சும் பாடுவாளா? தப்பு, ஏளா” என்றேன்.

அந்த வழக்கம் உண்மைதான். ஆனால் ராகத்தின் மேலுள்ள மரியாதையால் நான் அதைச் சொல்லவில்லை. அவள் ஒரு பஜனை பாடிவிட்டு இறங்கினாள். கைதட்டல் எனக்குக் கிடைத்தது. அதன்பின் தர்பாரியை அவள் எந்த மேடையிலும் பாடவில்லை; பிள்ளைகள் தூங்கியபின் வீட்டில் மட்டும் பாடினாள்.

அடக்கம் முடிந்து வரும்போது மெர்சி என் கையைப் பிடித்தாள். “அத்தே, அம்மா பாடுனது எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. ஒங்ககிட்ட இருக்கா?”

“இல்லம்மா” என்றேன்.

இருக்கிறது. மழைவெள்ளத்தில் எங்கள் தெரு மூழ்கி, அவள் வீட்டில் ஒண்டியிருந்த ராத்திரி, அவள் பாடிய தர்பாரியை அவளுக்குத் தெரியாமல் என் போனில் பதிவு செய்தேன். எங்கே தப்புச் செய்கிறாள் என்று பிடிப்பதற்காகப் பதிவு செய்தது. இத்தனை வருடம் கேட்டும் ஓர் இடம்கூட அகப்படவில்லை. ரெஜினாவிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இனி மறைக்க வழியில்லாமல் போகட்டும் என்றே இதை எழுதுகிறேன். மெர்சி, வந்து வாங்கிக்கொள். என் புத்தி மாறுவதற்குள் வந்துவிடு, மகளே.