பீச்சாங்கையில கட்டின வாட்ச்

பொங்கலுக்கு வந்த எம்புள்ள கறுப்பா ஒரு வாட்ச்சை எடுத்தாந்து என் கையில கட்டினான். மணி பாக்கறதுக்கு இல்ல. எனக்கு நடுக்குவாதம் கீது. பார்க்கின்சன்னு காஞ்சிபுரம் டாக்டர் பேர் சொன்னார். கை எவ்ளோ ஆடுதுன்னு இந்த வாட்ச் பார்த்து, ஓசூர்ல இருக்கிற அவன் போனுக்கு அனுப்பிடுமாம். அதை வச்சி டாக்டர் மாத்திரையை ஏத்துவாராம், எறக்குவாராம்.

அப்ப நான் சோறு துன்னுக்கினு இருந்தேன். சோத்தாங்கை பூரா கொயம்பு. அதனால பீச்சாங்கையை நீட்டினேன், அவனும் அதுலயே கட்டிட்டான். ஆடுறது சோத்தாங்கை. ஆனா பிரஷர் பாக்குற நர்சம்மா எந்தக் கையில பட்டி சுத்தினாலும் ஒரே கணக்குதானே சொல்றாங்க, இதுவும் அப்படித்தான்னு நெனச்சிக்கினேன். மறுநாள் அவன் உத்திரமேரூர் போய் பஸ் ஏறிட்டான்.

முன்னெல்லாம் ஞாயித்துக்கெழமை தவறாம போன் பண்ணுவான். கை எப்படிம்மா கீதுன்னு கேப்பான். நான் ஆரம்பிச்சா லேசுல முடிக்க மாட்டேன். மாடு கன்னு போட்டது, ஏரி ரொம்பினது எல்லாம் அதுலயே வந்துடும். வாட்ச் வந்தப்புறம் அவனுக்குக் கேக்கற வேலையே இல்லாம பூட்ச்சி. நானா போட்டாத்தான் பேச்சு.

"வாட்ச் நல்லாதான் காட்டுதும்மா"ம்பான்.

"இல்லடா, ஆட்டம் ஜாஸ்தியா கீது. டீ டம்ளர் புடிக்க முடியல"ன்னா, "தனியா இருக்கிறல்ல, மனசுதாம்மா அப்படி நெனைக்குது. டாக்டரும் இந்த மாத்திரையே போதும்னுட்டார்"னு முடிச்சிடுவான்.

பெத்தவ பேச்சை வுட்டுட்டு வாட்ச் பேச்சை நம்புறான். எனக்குப் பத்திக்கினு வரும். ஆனா போனை வச்சதும் வூடு வெறிச்சோன்னு ஆயிடும், கோவத்தைக் காட்டக்கூட ஆளு இருக்காது. டிவியைச் சத்தமா வச்சிட்டு உக்காந்திருப்பேன். ஒரு நாள் ஜாக்கெட் கொக்கி மாட்டவே முடியல. முந்தானையைப் போத்திக்கினு அப்படியே உக்காந்து அழுதேன். அன்னிக்கும் அந்த வாட்ச் நல்லாதான் காட்டியிருக்கும்.

போன மாசம் ரேஷன் கடைக்குப் போனேன். மிஷின்ல கட்டை வெரலை வச்சா நிக்க மாட்டேங்குது. கியூவுல பின்னால நின்ன பொம்பள என் கையைப் புடிச்சி அழுத்தினா, ரேகை வுழுந்துச்சி. இன்னொரு கையில கீறது இன்னா வாட்ச்சு, அக்கான்னு கேட்டா. சொன்னேன்.

"ஆட்டத்தைப் பாக்குற வாட்ச்சுன்ற, ஆடாத கையில கட்டிக்கினு கீறியே?"

எனக்குச் சுருக்குன்னுச்சி. இத்தினி மாசமா நான் பொய் சொல்லல, வாட்ச்சும் பொய் சொல்லல.

வூட்டுக்கு வந்ததும் பட்டையைப் பல்லால இழுத்து, கை மாத்திக் கட்டினேன். துன்றப்போ கொயம்பு பட்டா படட்டும்.

மறுநாள் காலையில நாஷ்டா பண்ணிக்கினு இருக்கறப்பவே போன் வந்துடுச்சி. "இன்னாம்மா இது, இந்த ஆட்டம் ஆடுது? ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

சொன்னதையெல்லாம் மறுபடி சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. "கை மாத்திக் கட்டினேன்டா, அதான்"னேன்.

"ஆடுறது எந்தக் கைம்மா?"

ரெண்டு வருசமா ஆடுது. அது எந்தக் கைன்னு எம்புள்ளைக்குத் தெரியல.

"சோத்தாங்கைடா. உனக்குப் பெசஞ்சி ஊட்டின கை"ன்னேன்.

அப்புறமும் நான் போனை வைக்கல.