அக்காவுக்காக அமுக்கிய பொத்தான்

கண் பார்வை போன பிறகு அக்கா வாடிப்பட்டியில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். சட்டமன்றத் தேர்தலின்போது, பார்வையில்லாதவர்களுக்குத் துணைக்கு ஒருவர் உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கலாம் என்றார்கள். "நீயே வாடா தம்பி" என்றாள்.

அவள் ஓட்டு, இறந்துபோன அவள் வீட்டுக்காரர் உயிராய் இருந்த கட்சிக்கு. பரவை மார்க்கெட்டில் என் வெங்காயக் கடையில் கட்டியிருந்ததோ அதற்கு நேர் எதிரான கட்சியின் கொடி. அங்கே எல்லோரும் அந்தப் பக்கம்.

வரிசையிலேயே கேலி. "என்ன மாப்ள, ஒனக்கு மட்டும் ரெண்டு ஓட்டா? எங்க வீட்ல என் ஓட்ட யாருக்குப் போடணும்னே பொண்டாட்டிதான் சொல்றா!"

நான் எட்டாவதோடு நின்றவன். யாருக்குப் போட்டேன் என்று வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதிமொழியை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த, என் கடையில் கொடி கட்டியிருந்த கட்சியின் ஏஜெண்ட், "அண்ணே, ரெண்டும் நமக்குத்தான?" என்றான். அதிகாரி அவனை அதட்டினார். நான் பயத்தில் சிரித்து வைத்தேன். அக்காவின் கை என் தோளில் இருந்தது. சிரிப்பில் தோள் குலுங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மறைப்புக்குள் என் காதில் சின்னத்தைச் சொன்னாள். மாறிவிடுமோ என்று விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து அமுக்கினேன். பக்கத்து இயந்திரத்தின் கண்ணாடிக்குள், ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் சீட்டு தெரிந்தது. அவள் சொன்ன சின்னம்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே விழுந்துவிட்டது. என்னைத் தவிர அதை யாரும் பார்க்கவில்லை.

ஓட்டு எண்ணிய அன்று அவள் ஆள் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றார். டிவியை நிறுத்தச் சொன்னாள்.

"நெசமாத்தான் போட்டியாடா?"

"ஒம்மேல சத்தியமாக்கா."

"சரி விடு. கடைக்காரன், நாலு பேரோட ஒத்துத்தான போகணும்."

"ஒரு ஓட்டுலயாக்கா தோத்தாரு?"

"அம்புட்டுப் பேரும் அப்படித்தான நெனச்சிருப்பீக."

நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன்? பேசப் பேச எனக்கே என் குரல் பொய்க்காரன் குரல்போலக் கேட்டது.

அடுத்து வந்தது நாடாளுமன்றத் தேர்தல். காலையிலேயே எதிர்வீட்டு இட்லிக்கார அம்மாவை வரச்சொல்லியிருந்தாள். "ஒனக்குக் கடையில சோலி இருக்கும்ல" என்றாள். ஓட்டுப் போடும் நாளில் மார்க்கெட் லீவு என்பது அவளுக்குத் தெரியும். "ஆமாக்கா" என்றேன். ஆண்கள் வரிசையில் தள்ளி நின்று, அந்த அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு அவள் படியேறுவதைப் பார்த்தேன்.

மதியம் சாப்பாட்டுக்கு முன்பு, சர்க்கரைக்கு நான் தினமும் போடும் ஊசிக்காகக் கையை நீட்டினாள். எவ்வளவு ஏற்றினேன் என்று கேட்கவில்லை. அவள் என்றைக்கும் கேட்டதில்லை. நான்தான் வெளிச்சத்தில் பிடித்து, அளவை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போட்டேன்.